பிளஸ் ஒன் எந்தப் பள்ளியில்? ஜூன் மாத நகைக் கடனை முதலில் பாருங்கள்

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் ஊர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் 478 மார்க். மாவட்ட மாதிரிப் பள்ளியிலும் பிளஸ் ஒன் சேர இடம் கிடைத்திருக்கிறது. இங்கேயே தொடர்வதா, அங்கே அனுப்புவதா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். இதற்குள் என் மச்சான், தன் மகன் படிக்கும் தனியார் விடுதிப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும், அப்போதுதான் டாக்டர் ஆவாள் என்று பிடிவாதமாக நிற்கிறார். நீட் பயிற்சியோடு வருடம் 1,75,000 ரூபாய். 1 லட்சம் கைமாற்றாகத் தருகிறேன் என்கிறார். மகளுக்கு இன்ஜினியரிங் அல்லது விவசாயப் படிப்பில்தான் ஆசை. எங்கள் இருவர் வருமானமும் சேர்த்து மாதம் 34,000. மகன் மெட்ரிக் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். அவனுக்கு ஃபீஸ் 45,000, வேன் 12,000. நான்கு வருடம் முன்பு 5 பவுனை அடகு வைத்து 70,000 வாங்கினோம். ஒவ்வொரு ஜூனிலும் மாற்றி வைத்து இப்போது 2,30,000-ல் நிற்கிறது, வட்டி 12 சதவீதம். மச்சானின் நண்பர் ஒருவர் மாதம் 3,000 கட்டும் குழந்தைகள் கல்வி யூலிப் பாலிசியில் (காப்பீடும் சந்தை முதலீடும் சேர்ந்தது) சேரச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் பள்ளியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது, ‘ஒவ்வொரு ஜூனிலும் மாற்றி வைத்து’ என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான்.

அதே 5 பவுன். புதிதாக ஒரு மோதிரம்கூட அதில் சேரவில்லை. கடன் மட்டும் 70,000-லிருந்து 2,30,000 ஆகியிருக்கிறது. எப்படி? தங்கம் விலை ஏற ஏற, அதே நகைக்கு அதிகக் கடன் தந்தார்கள். பழைய வட்டியை அந்தப் புதுக் கடனிலேயே கழித்துக்கொண்டு, மீதியை மகன் ஃபீஸுக்கு எடுத்தீர்கள். கையிலிருந்து ஒரு ரூபாயும் போகாததால், கடன் கூடுகிறது என்பதே உறைக்கவில்லை. இப்போது சும்மா வைத்திருந்தாலே வருடத்துக்கு 27,600 ரூபாய் வட்டி. மாதம் 2,300. விலை இறங்கினாலோ, ஏறாமல் நின்றாலோ, அந்த ஜூனில் மேல்பணம் கிடைக்காது. வட்டியையும் ஃபீஸையும் ஒரே வாரத்தில் ரொக்கமாக எடுத்து வைக்க வேண்டும். தங்கம் ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்பிக் குடும்பச் செலவை நடத்துகிறீர்கள். இதை இந்த ஜூனோடு நிறுத்தியாக வேண்டும்.

இந்த நிலையில் மச்சான் சொல்லும் பள்ளியை வைத்துப் பாருங்கள். இரண்டு வருட ஃபீஸ் மூன்றரை லட்சம். சீருடை, புத்தகம், லீவுக்கு வந்து போவது எல்லாம் சேர்த்தால் 4 லட்சத்தைத் தொடும். மச்சான் 1 லட்சம், நகையில் இன்னொரு 70,000 என்று வைத்தாலும், கிட்டத்தட்ட இரண்டே கால் லட்சத்துக்கு வெளியே கை நீட்ட வேண்டும். இரண்டு ரூபாய் வட்டிக்கு 2 லட்சம் வாங்கினால்கூட மாதம் 4,000. நகைக் கடன் 3 லட்சமாகிவிடுவதால் அதன் வட்டி 3,000. ஆக 34,000-ல் 7,000 வட்டிக்கே போகும், அசல் அப்படியே நிற்கும். அந்தக் கடன் முழுதாகக் கழுத்தில் இருக்கும்போதுதான் மகள் கல்லூரிக்குள் நுழைவாள்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அதை உங்கள் கடிதத்தில் காணவில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு, தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புகளில் 2020-லிருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அதைக் கொடுத்தார்கள். இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் பிள்ளைகளின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. ‘ஆறு முதல் பன்னிரண்டு வரை’ என்பதுதான் நிபந்தனை. உங்கள் மகள் அதில் ஐந்து வருடத்தை முடித்துவிட்டாள். இப்போது வெளியே எடுத்தால் அந்த ஐந்து வருடமும் கணக்கில் வராது. பிறகு எவ்வளவு மார்க் எடுத்தாலும் இந்த உரிமை திரும்பக் கிடைக்காது.

இதன் மதிப்பு என்ன? ஒரு சுயநிதி பொறியியல் கல்லூரியில் கவுன்சலிங் மூலம் சேர்ந்தால், படிப்புக் கட்டணம் வருடம் ஐம்பதாயிரத்தை ஒட்டி வரும். விடுதி, சாப்பாடு எழுபது எண்பதாயிரம். தோராயமாக வருடம் ஒன்றே கால் லட்சம், நான்கு வருடத்துக்கு 5 லட்சம். அப்புறம் புதுமைப் பெண் திட்டம். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் படிப்பு முடியும் வரை மாதம் 1,000. நான்கு வருடத்துக்கு 48,000. தனியார் பள்ளியில் 4 லட்சம் செலவழித்து, இந்த ஐந்தரை லட்சத்தையும் விடுகிறீர்கள். வட்டியைச் சேர்க்காமலே ஒன்பதரை லட்சம்! உங்கள் இருவருடைய இரண்டு வருடச் சம்பளத்தைவிடக் கூடுதல்.

சரி, டாக்டர்தான் வேண்டும் என்று மச்சான் நின்றால்? அப்போதும் அரசுப் பள்ளியே நல்லது. நீட் எழுதியாக வேண்டும், அதில் சலுகை இல்லை. ஆனால் இந்த ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு மட்டும்தான் போட்டி. கட்-ஆஃப் பொதுப் போட்டியைவிட நன்றாகவே இறங்கும். தனியார் பள்ளிக்குப் போய்விட்டால் அதே பெண் பொது வரிசையில் நிற்க வேண்டும். இன்ஜினியரிங்குக்கோ நுழைவுத் தேர்வே கிடையாது. பிளஸ் டூ கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். வேளாண்மைக்கும் பிளஸ் டூ மார்க்தான். அவள் ஆசைப்படும் இரண்டு படிப்புக்கும் நீட் தேவையே இல்லாதபோது, நீட் பயிற்சிக்காகக் கடன் வாங்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உயிரியலோடு சேர்ந்த முதல் குரூப் எடுக்கட்டும். மூன்று வாசலும் திறந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘அரசு உதவி பெறும் பள்ளிதானே, அதுவும் அரசுதானே’ என்று யாராவது நடுவில் ஒரு பள்ளியைக் காட்டக்கூடும். 7.5 சதவீதத்துக்கு அது செல்லாது.

இப்போது மீதியிருப்பது உங்கள் பழைய பள்ளியும் மாதிரிப் பள்ளியும். இரண்டும் அரசுப் பள்ளி, இரண்டிலும் உரிமை தொடரும். மாதிரிப் பள்ளியில் விடுதியும் சாப்பாடும் இலவசம் என்பதால் பணத்தை வைத்து முடிவெடுக்க வேண்டிய தேவையே இல்லை. உங்கள் ஊர்ப் பள்ளியில் கணிதம், இயற்பியல், வேதியியலுக்கு பிளஸ் டூ வரை ஆசிரியர்கள் முழுதாக இருக்கிறார்களா என்று தலைமையாசிரியரை நேரில் பார்த்துக் கேளுங்கள். ஒரு இடம் காலியாக இருந்தாலும் மாதிரிப் பள்ளிக்கு அனுப்பலாம். அங்கே ஜேஇஇ, சட்டம், வடிவமைப்பு போன்ற தேர்வுகளுக்கும் தயார் செய்கிறார்கள். ஐஐடி வரை போன பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் மாவட்டத்தின் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாம் ஒரே வகுப்பில் உட்காரும் இடம் அது. இதுவரை முதல் ரேங்க் வாங்கியவள் அங்கே முதல் பரீட்சையில் நடுவில் வரலாம். அதைத் தாங்கிக்கொண்டு படிப்பாளா, விடுதியில் இருக்க மனம் ஒப்புகிறதா என்று அவளிடமே கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் ஊர்ப் பள்ளியில் விடுங்கள். கல்லூரிக் கணக்கில் ஒரு ரூபாய்கூட அதனால் மாறாது.

மகளுக்காக இவ்வளவு அலைமோதும் நீங்கள், மகனைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். ஜூன் தோறும் நகை போவது அவன் ஃபீஸுக்குத்தான். அவன் ஆறாம் வகுப்புக்குப் போவதும் இந்த ஜூனில்தான். அவனுக்கும் ‘ஆறு முதல் பன்னிரண்டு’ கணக்கு இந்த வருடம் தொடங்கலாம், அல்லது தொடங்காமலே போகலாம். ஏழாம் வகுப்பில் மாற்றினால் பயனில்லை. இரண்டு பள்ளிக்கு நடுவே உங்கள் வீட்டில் எடுக்க வேண்டிய உண்மையான முடிவு இவனுடையது என்று நினைக்கிறேன். பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போய் வகுப்பறையைப் பாருங்கள், ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். திருப்தியில்லை என்றால் சேர்க்க வேண்டாம். ஏழு வருடப் படிப்பைச் சலுகைக்காக மட்டும் அடகு வைக்க முடியாது. திருப்தியாக இருந்தால், வருடம் 57,000 கையில் நிற்கிறது. கல்லூரிக்குப் போகும்போது அவனுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 கிடைக்கும்.

அந்த 57,000 என்பது மாதத்துக்கு 4,750. யூலிப்புக்கு எடுத்து வைத்த 3,000-ஐயும் சேருங்கள். 7,750 ஆயிற்று. நகையை 12 சதவீதக் கடையிலிருந்து எடுத்து, 10 சதவீதத்தை ஒட்டிக் கொடுக்கும் வங்கிக்கோ கூட்டுறவு வங்கிக்கோ மாற்றுங்கள். கடன் 2,30,000-க்கு மேல் ஒரு ரூபாயும் ஏறக் கூடாது, மேல்பணம் தருகிறோம் என்று அவர்களே சொன்னாலும் சரி. மாதா மாதம் 7,750 கட்டி வந்தால், மகள் கல்லூரி சேரும் ஜூனில் கடன் 75,000 அளவுக்கு இறங்கியிருக்கும். இன்னொரு பத்து பதினோரு மாதத்தில் 5 பவுனும் வீட்டுக்கு வரும். மகனை மாற்றவில்லை என்றாலும் அந்த 3,000-ஐயாவது நகைக்குக் கட்டுங்கள், ஃபீஸை மாதா மாதம் தனியாக ஒதுக்குங்கள். கஷ்டம்தான், ஆனால் ஜூனில் அடகுக் கடைக்குப் போகும் வேலை இருக்காது.

யூலிப்பில் கையெழுத்துப் போட வேண்டாம். ஐந்து வருடத்துக்குப் பணத்தை எடுக்க முடியாத திட்டம் அது. உங்கள் மகள் இரண்டு வருடத்தில் கல்லூரிக்குப் போகிறாள். பெயரில் ‘கல்வி’ என்று இருந்தால் போதும், பெற்றோர் கணக்குப் பார்க்காமல் சேர்ந்துவிடுகிறார்கள் என்பது விற்பவர்களுக்குத் தெரியும். 12 சதவீதத்துக்குக் கடனை வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் சேமிப்பது எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

ஒதுக்கீட்டில் அவள் விரும்பும் கல்லூரி கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று நினைப்பீர்கள். அப்போது கல்விக் கடன் வாங்கலாம். 4 லட்சம் வரை உங்கள் கைப்பணம் எதுவும் போடத் தேவையில்லை, சொத்தும் கேட்க மாட்டார்கள், படித்து முடித்து ஒரு வருடம் கழித்துக் கட்டத் தொடங்கினால் போதும். கல்லூரிக்கு அப்படி ஒரு கடன் கிடைக்கும்போது, பிளஸ் டூவுக்காக இரண்டு ரூபாய் வட்டிக்குப் போக வேண்டியதில்லை. மேனேஜ்மென்ட் கோட்டா பக்கம் மட்டும் போகாதீர்கள். அங்கே இந்தச் சலுகை எதுவும் கிடையாது.

மச்சானிடம் எப்படிச் சொல்வது? தாய்மாமன் பேச்சைத் தட்டுவது எந்த வீட்டிலும் சுலபமில்லை, அவருக்கு அக்கறை இருப்பதும் உண்மை. அதனால் ‘எங்களிடம் பணம் இல்லை’ என்று ஆரம்பிக்காதீர்கள். உடனே இன்னும் 50,000 சேர்த்துத் தருகிறேன் என்பார், நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். “மச்சான், இப்ப வெளியே எடுத்தா இவளுக்கு ஏழரை பர்சென்ட் போயிடும். டாக்டர் சீட்டுக்கும் அதுதான் வழி” என்று உங்கள் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். உதவியே ஆக வேண்டும் என்றால், கல்லூரி சேரும்போது மருமகளுக்கு ஒரு லேப்டாப் வாங்கித் தரட்டும். கைமாற்று வேண்டாம். உறவில் வாங்கும் கைமாற்றுக்கு வட்டி இல்லைதான். ஆனால் அதற்குப் பிறகு பிள்ளைகளின் படிப்பை அவர்தான் முடிவு செய்வார்.

தனியார் பள்ளியில் இடம் பிடிக்க முன்பணம் கேட்டால் கட்டிவிடாதீர்கள். முதல் வேலையாக, மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படித்ததற்கான சான்றிதழைப் பள்ளியில் கேட்டு வாங்கி, பெயர், பிறந்த தேதி, சேர்ந்த வருடம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மாதிரிப் பள்ளிக்கு மாறுவதாக இருந்தால் அந்தச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு டிசி வாங்குங்கள்.