கிணற்றடி வரப்பில் கிடைத்த வளைச் சிலந்திக்குத் தண்ணீரும் இருப்பிடமும்

கேள்வி: ஐயா, குச்சவெளியில் அரை ஏக்கரில் வெங்காயம் செய்கிறேன். போன மாதம் கிணற்றடி வரப்பைக் கொத்தும்போது மண்வெட்டி ஒரு வளையை உடைத்துவிட்டது. உள்ளே மண்ணிறத்தில் மயிர் நிறைந்த பெரிய சிலந்தி. காலை விரித்தால் ஐந்து அங்குலம் வரும். மகன் அதை அடிக்க விடாமல் மீன் தொட்டியில் போட்டு வளர்க்கிறான். தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், 15 அங்குல உயரம். அடியில் இரண்டு அங்குலத்துக்குக் கடற்கரை மணல் போட்டிருக்கிறோம். குடிக்க ஈரப் பஞ்சு வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் விசிறுகிறோம். மூன்று வாரமாகியும் வளை தோண்டவில்லை. இரவு முழுக்கக் கண்ணாடியில் ஏறி விழுகிறது. வயிறும் சுருங்கிப் போகிறது. எப்படித் தண்ணீர் கொடுப்பது, எப்படி இடம் செய்வது? இரவில் வெளியே வந்துவிடுமோ என்று அம்மா வேறு பயப்படுகிறா.

பதில்: தண்ணீர் ஒன்று, இடம் இன்னொன்று என்று கேட்டிருக்கிறீர்கள். வளையில் இருக்கிற சிலந்திக்கு அது இரண்டும் ஒன்றுதான். கச்சான் காற்றில் வரப்பின் மேல்மண் பொடியாய்க் கிடந்த நாளிலும் அது உங்கள் கிணற்றடியில் சீவித்தது, ஒரு சாண் கீழே மண் குளிர்ந்து ஈரமாய் இருந்தபடியால். இப்போது அந்த ஆழத்தைப் பறித்துவிட்டு மேலே விசிறுகிறீர்கள். வெங்காயப் பாத்தியில் தாளை மட்டும் நனைத்துவிட்டு இறைப்பு முடிந்தது என்று வீட்டுக்குப் போவீர்களா? அந்தக் கதைதான் இது.

செய்முறைக்கு முன் இரண்டு விஷயம். முதலாவது சட்டம். தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அது யானைக்கும் மானுக்கும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். உங்களிடம் இருப்பது கடையில் வாங்கிய பிராணி இல்லை, நம் மண்ணில் பிடித்தது. ஆகவே வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் விஷயத்தைச் சொல்லி, வைத்திருக்கலாமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். திருப்பி விடச் சொன்னால் கிணற்றடிக்கே கொண்டுபோய் விடுவதுதான் சரி. என் விருப்பமும் அதுவே. கரப்பானும் தத்துவெட்டியும் தின்கிற சீவன் தோட்டத்தில் இருப்பது உங்களுக்கும் நல்லது. பதில் வரும்வரை அது சாகாமல் இருக்க வேண்டுமே, அதற்குத்தான் மிச்சம் எல்லாம் எழுதுகிறேன்.

இரண்டாவது, இது எந்தச் சிலந்தி என்பது. நம் பக்கத்தில் புலிமுகச் சிலந்தி என்று சொல்கிற, சிங்களத்தில் திவிமக்குளுவா என்கிற இனம் மரப்பொந்தில் வாழ்வது. முன்கால்களின் அடிப்பக்கம் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை தெரியும். மாங்குளம் பக்கம் கண்டுபிடித்து 2012இல் விவரித்த இனமும் அந்தச் சாதிதான். ஆய்வுக் குழுவுக்கு உதவிய பொலிஸ் அதிகாரி ஒருவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். 2019இலிருந்து அந்தச் சாதிக்குச் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாடும் உண்டு. அதற்கு மண் ஆழம் தேவையில்லை, நிமிர்ந்து நிற்கும் மரப்பட்டைதான் வேண்டும். உங்களுடையது வரப்புக்குள் வளையில் இருந்தது, மண்ணிறம் என்கிறீர்கள். ஆகவே வளைச் சிலந்தி என்றே வைத்து எழுதுகிறேன். மஞ்சள் பட்டை தெரிந்தால் இதைச் செய்யாமல் திரும்ப எழுதுங்கள்.

சரி, தொட்டிக்கு வருவோம். இரவு முழுக்கக் கண்ணாடியில் ஏறுவது விளையாட்டு அல்ல, ஒளிக்க இடம் தேடுகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து விழுவது. இரண்டு அங்குல மணலுக்கு மேலே 13 அங்குலம் வெறுமையாய் இருக்கிறது. இந்தச் சிலந்தியின் வயிறு தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி. அந்த உயரத்திலிருந்து விழுந்தால் வெடித்துவிடலாம். மண்ணின் மேற்பரப்புக்கும் மூடிக்கும் இடையே சிலந்தியின் கால் விரிப்பு அளவுக்கு மேல் இடைவெளி வைப்பதில்லை. உங்களுக்கு ஐந்து அங்குலம். 15இல் ஐந்து போக மிச்சம் பத்து அங்குலமும் மண். கால் விரிப்பைப்போல் இரண்டு மடங்கு ஆழம் வேண்டும் என்ற கணக்கும் அதோடு சரியாய் வருகிறது.

பத்து அங்குல மண் என்றால் அந்தத் தொட்டிக்கு 47 லீற்றர் வரை பிடிக்கும். ஈரத்தோடு ஐம்பது கிலோவுக்குக் குறையாது. நிரப்பிய பிறகு தூக்க முடியாது, ஆகவே வைக்கும் இடத்தை முதலே பாருங்கள். வெயில் விழாத மூலை, உரம் மருந்து வைக்கிற அறை வேண்டவே வேண்டாம். நல்ல பலமான மேசை, அதன் நாலு காலும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிற்கட்டும். எறும்புக்குத்தான். தோலுரித்து மெத்தென்று கிடக்கிற சிலந்தியை எறும்பு ஓர் இரவில் முடித்துவிடும்.

கடற்கரை மணலை முழுதாய் அள்ளிக் கொட்டுங்கள். அதில் உப்பு, அதோடு வளை நிற்காது. தோண்டத் தோண்டச் சரியும். உங்கள் சிலந்தி தோண்டாததற்குப் பாதிக் காரணம் அதுதான். தம்பலகாமம் பக்கத்து வயல் களியும் தனியே சரிவராது, காய்ந்தால் பாறையாகி வெடிக்கும். மருந்து படாத இடத்துச் செம்மண் அல்லது இருவாட்டி மேல்மண் இரண்டு பங்கு, உப்புப் போகக் கழுவிய தும்புத்தூள் ஒரு பங்கு, இதுதான் நான் சொல்லும் கலவை. வெங்காயத்துக்கு மருந்து அடித்த பாத்தி மண்ணைத் தொடவே வேண்டாம். கலவையைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கால் தண்ணீர் ஒழுகினால் கூடிப்போச்சு. கையைத் திறந்ததும் உதிர்ந்தால் போதாது. கொழுக்கட்டை மாதிரி உருண்டு நின்று, பெருவிரலால் தட்டினால் இரண்டாய்ப் பிளக்க வேண்டும். அந்தப் பதத்தில் மூன்று அங்குலம் போட்டு உள்ளங்கையால் நன்றாய் அமத்துங்கள், பிறகு அடுத்த மூன்று. அமத்தாமல் கொட்டினால் வளை இடிந்து தலைமேல் விழும்.

மண் போடுவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. தொட்டியின் மூலையொன்றில் அரை அங்குலப் பி.வி.சி. குழாய்த் துண்டை நிமிர்த்தி வையுங்கள். கீழ் முனையில் நாலைந்து துளை, மேல் முனை மண்ணுக்கு ஓரங்குலம் மேலே, சிலந்தி கால் விடாதபடி ஒரு மூடி. இனி ஈரம் எல்லாம் இந்தக் குழாய் வழியாகத்தான் போகும்.

மண் நிறைந்ததும் குழாய்க்கு எதிர் மூலையில், கண்ணாடியோடு ஒட்டி, தும்புத்தடிக் காம்பால் சரிவாக ஐந்தாறு அங்குலத்துக்குக் குத்தி ஒரு வழி திறந்துவிடுங்கள். சிலந்தி உடம்பு நுழையுமட்டும் அகலம். வாயில் பாதிச் சிரட்டையைக் கவிழ்த்து, கால்வாசி மண்ணில் புதைத்துவிட்டால் கதவு தயார். அந்தப் பக்கக் கண்ணாடிக்கு வெளியே கறுப்புக் கடுதாசி ஒட்டுங்கள். இருட்டு என்று நினைத்துக் கண்ணாடியையே சுவராக வைத்து அது வளையை இறக்கும். மகனுக்குப் பார்க்க ஆசை வந்தால் கடுதாசியை ஒரு நிமிடம் தூக்கிப் பார்க்கலாம், அதற்குமேல் வேண்டாம்.

மூடிக்குக் கம்பி வலை போடாதீர்கள். கால் நுனியில் இருக்கிற நகம் வலைக் கண்ணில் மாட்டினால் காலையே விட்டுவிட்டு வரும். கெட்டியான பிளாஸ்டிக் தகட்டில் சூடாக்கிய ஆணியால் துளை போடுவது நல்லது. பக்கக் கண்ணாடியின் மேல் விளிம்புக்கும் தகட்டுக்கும் இடையில் ஈர்க்கு அளவு காற்றுப் போக இடமிருந்தால் இன்னும் நல்லது, அதற்குமேல் விட்டால் வெளியே வந்துவிடும். மேலே ஒரு செங்கல்.

இனித் தண்ணீர். பஞ்சை இன்றைக்கே எறியுங்கள். அது இந்த வெக்கைக்கு மூன்றாம் நாளே நாறத் தொடங்கும், பூஞ்சணமும் பூச்சியும் அதில்தான் வரும். திறந்த தண்ணீர் இருந்தால் சிலந்தி முன்பக்கத்தைத் தாழ்த்தி வாயை வைத்து உறிஞ்சும், பஞ்சு தேவையில்லை. ஜாம் போத்தல் மூடி போதும். குழாய் இருக்கிற மூலையில் மண்மட்டத்துக்குப் புதைத்து, விளிம்புவரை நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். மூழ்கிவிடும் என்று சிலர் கல்லைப் போடுவார்கள். இவ்வளவு பெரிய சிலந்திக்குத் தேவையில்லை, மயிரில் காற்றுத் தங்கி மிதக்கும். ஒரு நாள் காலையில் மூடி முழுக்க மண்ணாய் இருக்கும். வளை தோண்டிய மண்ணை அங்கே கொட்டியிருக்கும். கோபப்படாமல் கழுவி வையுங்கள், அது குடியேறிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

நல்ல தண்ணீர் என்று சொன்னதைக் கவனியுங்கள். கடற்கரையை ஒட்டிய தோட்டக் கிணறுகளில் உவர் இருக்கும். மூடியில் ஊற்றினாலும் குழாயில் ஊற்றினாலும் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மண்ணிலேயே தங்கும். வீட்டில் குடிக்கிற தண்ணீரையே கொடுங்கள், அல்லது மழைத் தண்ணீர்.

விசிறுவதை நிறுத்துங்கள். மேல்மண் நனைந்து புளிக்கும், அடி காய்ந்தே கிடக்கும், சிலந்திக்கும் ஒவ்வொரு தடவையும் பயம். குழாயில் ஊற்றுவதற்கு அளவு சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். கண்ணாடியே சொல்லும். வெளியே நின்று பார்த்தால் ஈரமண் கறுப்பாகவும் காய்ந்த மண் வெளிறியும் தெரியும், இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. அந்தக் கோடு மண்ணின் பாதி உயரத்தில் நின்றால் சரி. கீழே இறங்கினால் ஒரு கிளாஸ் ஊற்றி மறுநாள் பாருங்கள். மேலே ஏறினால் விட்டுவிடுங்கள். கச்சான் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை ஊற்ற வரலாம், ஐப்பசிக்குப் பின் மாரியில் மாதக்கணக்கில் தேவைப்படாமலும் போகலாம். மேலே உலர்வும் கீழே ஈரமுமாக இருந்தால், எந்த ஆழத்தில் இருப்பது என்று சிலந்தி தானே பார்த்துக்கொள்ளும்.

வயிறு சுருங்கியிருப்பது பெரும்பாலும் தண்ணீர்க் குறைச்சல்தான். இந்தச் சீவன் காலை மடக்கத் தசை வைத்திருக்கிறது, நீட்டுவதற்கோ உடம்புத் திரவத்தின் அழுத்தத்தைத்தான் நம்பியிருக்கிறது. அது குறைந்தால் கால்கள் உள்ளே சுருண்டுகொள்ளும். அந்த நிலைக்கு வந்தால் தாமதிக்காமல் ஒரு நீளத் தடியால் மெல்லத் தள்ளி, வாய்ப்பக்கம் தண்ணீர் மூடியின் விளிம்பில் படும்படி விடுங்கள். வயிறு தண்ணீருக்குள் போகக் கூடாது, மூச்சு விடும் துளைகள் வயிற்றின் அடியில் இருக்கின்றன. ஆனால் மல்லாக்காகக் கிடந்து கால் விரிந்திருந்தால் அது தோலுரிப்பு. தொடவே வேண்டாம். உரித்து, வெள்ளையாய் இருக்கிற பல் கறுக்கும்வரை, பத்து நாளாவது இரை போடவும் வேண்டாம்.

இரை, கிழமைக்கு ஒரு வீட்டுக் கரப்பான். மறுநாள் காலை மிச்சத்தை இடுக்கியால் எடுத்துவிடுங்கள். தோட்டத்துப் பூச்சியைப் பிடித்துப் போடாதீர்கள், மருந்து குடித்த பூச்சி சிலந்தியையும் கொல்லும். நுளம்புத்திரியும் அப்படித்தான். நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில் பள்ளிப் பிள்ளைகள் கொண்டுவந்த ஒரு சிலந்தியைப் போத்தலில் வைத்திருந்தோம். இரவுக் காவலுக்கு நின்றவர் பக்கத்தில் திரி கொளுத்தியிருக்கிறார். காலையில் போய்ப் பார்த்தால் எட்டுக் காலும் தனித்தனியே துடிக்கிறது, மத்தியானம் முடிந்துவிட்டது. ஆள் செய்தது வேண்டுமென்றல்ல, நாங்கள் சொல்லி வைக்கவில்லை.

கையால் தூக்க மகனை விடாதீர்கள். ஆளைக் கொல்லும் நஞ்சு என்று பயப்படத் தேவையில்லை, ஆனால் கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரலாம். கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புதிய தொட்டிக்கு மாற்றும்போது அகன்ற பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, அடியால் ஒரு கெட்டிக் கடுதாசியைத் தள்ளி, அப்படியே தூக்குங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், வளை கிடைத்த சிலந்தி ஊர் சுற்றுவது குறைவு, இரவில் வாயிலில் காலை நீட்டிக்கொண்டு இரைக்குக் காத்திருக்கும். வெளியே வருவது மூடி சரியில்லாவிட்டால்தான். அப்படி ஒரு நாள் காணவில்லை என்றால் கட்டிலடியில் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். முதலில் குசினியில் தண்ணீர்க் குடத்தின் பின்பக்கம், அப்புறம் குளியலறை மூலை. டப்பாவும் கடுதாசியும் கையோடு இருக்கட்டும்.