பூஞ்சணம் பிடித்த இசைத்தட்டில் ஊசியை வைக்காதீர்கள்

அட்டன் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பா தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். துரை பங்களாவைக் காலி செய்தபோது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன இசைத்தட்டுப் பெட்டி ஒன்று இப்போது கைக்கு வந்திருக்கிறது. நாற்பது தட்டுகள் இருக்கும். பீட்டில்ஸ், பிங்க் ஃபுளோய்ட், லெட் செப்பலின் எல்லாம் உண்டு. ஆனால் முழுக்க வெள்ளைப் புள்ளி. கழுவலாமா? சிலவற்றில் 'டம் டம், இந்தியா' என்று போட்டிருக்கிறது, அவை போலியா? கனடாவில் இருக்கும் மச்சான் பழைய பிளேயர் ஒன்றைக் கொண்டுவருகிறேன் என்கிறார், சரிவருமா?"

கழுவி முடியும்வரை ஒரு தட்டையும் போட்டுக் கேட்காதீர்கள். கை துறுதுறுக்கும், தெரியும். ஆனால் பூஞ்சணத்தின் மேல் ஊசி ஓடினால் அந்த அழுக்கை வரிகளுக்குள்ளேயே, அதாவது ஊசி ஓடும் நுண்ணிய பள்ளங்களுக்குள்ளேயே, அரைத்து விட்டுவிடும். பிறகு எதைப் போட்டுக் கழுவினாலும் அந்தக் கரகரப்பு போகாது.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. வினைல் ஒருவகை பிளாஸ்டிக். பூஞ்சணம் அதை லேசில் தின்னாது. அது பிழைப்பது காகித உறையிலும், தட்டில் படிந்த தூசியிலும், விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கிலும்தான். அதனால் நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புள்ளிகளில் பெரும்பகுதி கழுவினால் போய்விடும். உள்ளே இருக்கும் காகித உறைகளைத்தான் காப்பாற்ற முடியாது. பாட்டு வரிகள் அச்சடித்த உறை என்றால் காயவைத்துத் தனியாக வையுங்கள், தட்டை மறுபடி அதற்குள் போடாதீர்கள். மற்றவற்றை எறிந்துவிட்டு பொலித்தீன் உள்ளுறை வாங்குங்கள்.

கழுவுகிற முறை இதுதான். முதலில் வீட்டுக்கு வெளியே, இஸ்தோப்பிலோ முற்றத்திலோ, மாஸ்க் போட்டுக்கொண்டு மென்மையான தூரிகையால் காய்ந்த பூஞ்சணத்தைத் தட்டிவிடுங்கள். குசினிக்குள் இந்த வேலை வேண்டாம். அப்புறம் காய்ச்சி வடித்த தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. அந்தத் தண்ணீரை எங்கே தேடுவது என்று யோசிக்க வேண்டாம், வாகனப் பற்றரிக்கு விடுகிற தண்ணீர் போதும். அசிட் கலக்காததுதானா என்று போத்தலைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். நம் ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் காய்ந்தபின் வரிகளில் படிவு விடும். நடுவிலுள்ள லேபிள் நனையாமல், வரி போகிற வட்டத்திலேயே துணியை ஓட்டித் துடையுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். சுத்தத் தண்ணீரில் இன்னொரு முறை அலசி, பீங்கான் காயவைக்கும் ராக்கையில் நிறுத்தி, நிழலில் காயவிடுங்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள், அதில் எண்ணெய் கலந்திருக்கும். பெட்டியில் கனமான, சட்டென்று உடையக்கூடிய, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு ஏதும் இருந்தால் அது அரக்கால் (ஷெல்லாக்) ஆனது. அதில் எந்த அல்ககோலும் படக்கூடாது, கரைந்துவிடும்.

தலவாக்கலையில் இருந்த காலத்தில் நானும் ஒரு பெட்டியை வெளிச்சுவரோடு ஒட்டி வைத்திருந்தேன். மே மாதம் மழை பிடித்தது. ஆகஸ்டில் திறந்தால், ஒரு தட்டோடு உறைக்காகிதம் ஒட்டிக் கிடந்தது. உரித்தபோது காகித நார் வரிகளில் அப்படியே தங்கிவிட்டது. இன்றைக்கும் அந்தத் தட்டின் மூன்றாவது பாட்டில் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அதனால் சொல்கிறேன்: உள்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளையும். ஈரலிப்பு போகட்டும் என்று வெயிலிலோ கணப்படுப்புக்குப் பக்கத்திலோ வைத்தாலும் வளையும்.

டம் டம் விஷயத்துக்கு வருவோம். அவை போலி இல்லை. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம் டம்மில் கிராமபோன் கம்பனியின் தொழிற்சாலை இருந்தது. பீட்டில்ஸ், பிங்க் ஃபுளோய்ட் தட்டுகளை உரிமத்தோடு அங்கே அச்சிட்டார்கள். வெளிநாட்டில் இந்தியப் பதிப்புகளையே தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

எந்தப் பதிப்பு என்று அறிய ஒரு தட்டை எடுத்து ரோர்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கடைசி வரி முடிந்து லேபிள் தொடங்குகிற அந்த வெற்றிடத்தில் எழுத்துகளும் எண்களும் பொறித்திருக்கும். சில அச்சு எழுத்து, சில கையால் கீறியவை. அந்தத் தட்டு எந்த அச்சிலிருந்து வந்தது என்று சொல்வது அதுதான். அட்டையில் உள்ள ஆண்டை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். அட்டை மாறிப் போயிருக்கும், மறுபதிப்பிலும் பழைய ஆண்டே இருக்கும். ஓர் உதாரணம்: பிங்க் ஃபுளோய்டின் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்', 1973. இங்கிலாந்தின் முதல் பதிப்பில் லேபிளிலுள்ள முக்கோணம் முழுக்க நீலம் நிரப்பியதாக இருக்கும், பின்னால் வந்தவற்றில் கோடு மட்டும்தான். கூடவே 2 போஸ்டர், 2 ஸ்டிக்கர் கொடுத்தார்கள். அட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். இதெல்லாம் பார்த்து முடிக்கும்வரை, "மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன்" என்று வருகிறவருக்குப் பெட்டியைக் கொடுத்துவிடாதீர்கள்.

பிளேயர்தான் மிச்சம். ரேடியோவும் பிளேயரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் பழைய ரேடியோகிராம் ஒன்று யாராவது தந்தால் அழகுக்கு வையுங்கள், கேட்க வேண்டாம். அந்தக் காலத்து ஊசி 5 கிராமுக்கு மேல் அழுத்தும். நல்ல பிளேயருக்கு 2 கிராம் அளவே போதும். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை முறை என்று மின்சாரம் அலையும் கணக்கு). இலங்கையில் நமக்கு 230, 50. வோல்டைக் குறைக்க டிரான்ஸ்போர்மர் இருக்கிறது, ஹேர்ட்ஸை அது மாற்றாது. மோட்டார் ஒரு ரப்பர் பட்டியால் தட்டைச் சுற்றும் பழைய பெல்ட் பிளேயர்கள் பலவற்றில் மோட்டார் சுற்றுவதே ஹேர்ட்ஸைப் பொறுத்துத்தான். அதை இங்கே சொருகினால் நிமிடத்துக்கு 33⅓ சுற்றவேண்டியது கிட்டத்தட்ட 28க்கு இறங்கிவிடும், பாடகர் தூக்கத்தில் பாடுவது போல இருக்கும். பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகத் தட்டைச் சுற்றும் டைரக்ட் டிரைவ் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. மச்சானிடம் பிளேயரின் அடியிலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெல்ட் வகையாக இருந்து 60 என்று மட்டும் போட்டிருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வரட்டும்.