அப்பாவின் வாக்குச்சீட்டை நான் கொண்டுபோய்ச் சேர்க்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில் வசிக்கிறோம். எங்களுடன் இருக்கும் அப்பா, அம்மா இருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். தபால் வாக்குச்சீட்டு வீட்டுக்கே வருகிறது. இரண்டு தெரு தள்ளி வசிக்கும் சித்தப்பா, சித்திக்கும் அவ்வாறே வருகிறது. நால்வரின் உறைகளையும் நானே கொண்டுபோய் வாக்குச்சீட்டு சேகரிப்புப் பெட்டியில் போடலாமா? பிட்ஸ்பர்க்கில் படிக்கும் என் மகள் அங்கேயே வாக்காளராகப் பதிந்திருக்கிறாள். நேரமில்லாததால் தன் உறையை அறைத்தோழியிடம் கொடுத்தனுப்பலாமா என்று கேட்கிறாள். டாலஸில் என் அண்ணன் வீட்டில் இருக்கும் அவருடைய மாமியாருக்கு 71 வயது. அவருடைய உறையை அண்ணன் தேர்தல் அலுவலகத்தில் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் குடும்பத்தில் ஒரே கேள்விக்கு மூன்று விடைகள் இருக்கின்றன. அதிபர் தேர்தலே ஆனாலும், தபால் வாக்குச்சீட்டை யார், எங்கே, எப்போதுக்குள் திருப்பிச் சேர்க்கலாம் என்பதை மாநிலச் சட்டமே பெரும்பாலும் முடிவு செய்கிறது. உறையைச் சுமப்பவர் எந்த மாநிலத்தில் வசிக்கிறார் என்பது பொருட்டல்ல. வாக்காளர் எங்கே பதிந்திருக்கிறாரோ அந்த மாநிலத்தின் விதியே பொருந்தும்.

முதலில் உங்கள் வீடு. நியூ ஜெர்சி, வாக்காளருக்குப் பதிலாக வேறொருவர் உறையைக் கொண்டுசேர்ப்பதை அனுமதிக்கிறது. ஆனால் ஒரு தேர்தலில் ஒருவர் மூன்று வாக்காளர்களுக்கு மேல் இப்படிச் செய்யக்கூடாது. அந்த வாக்காளர்கள் அவருடன் ஒரே வீட்டில் வசிக்கும் நெருங்கிய குடும்பத்தினராக இருந்தால் மட்டுமே எண்ணிக்கை ஐந்து வரை உயரும். பலர் தவறு செய்யும் இடம் இதுதான். நான்கு என்பது ஐந்தைவிடக் குறைவுதானே என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அப்பாவும் அம்மாவும் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள், சித்தப்பாவும் சித்தியும் இல்லை; ஆகவே உங்களுக்கு உரிய வரம்பு மூன்றுதான். பெற்றோரின் உறைகளை நீங்கள் எடுத்துச் செல்லுங்கள்; சித்தப்பா, சித்தியின் உறைகளை உங்கள் மனைவியோ கணவரோ எடுத்துச் செல்லட்டும். உங்கள் சொந்த வாக்குச்சீட்டு இந்தக் கணக்கில் சேராது.

உறையின் மேல் கொண்டுசேர்ப்பவருக்கென்று ஒரு பகுதி அச்சிடப்பட்டிருக்கும். அதில் உங்கள் பெயர், முகவரி, கையெழுத்து ஆகியவற்றை, வாக்காளர் அருகில் இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள். காரில் அமர்ந்து அவசரமாக எழுதும் பழக்கம் வேண்டாம். அந்தத் தேர்தலில் போட்டியிடும் வேட்பாளர் எவரும் இந்தப் பணியைச் செய்யக்கூடாது. எடிசனில் நம்மவர்கள் பள்ளி வாரியத்துக்கும் நகர்மன்றத்துக்கும் நிற்பது வழக்கமாகிவிட்டதால் இதையும் சொல்லி வைக்கிறேன்: வேட்பாளராக நிற்கும் நண்பர் உதவியாகக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். தேர்தல் நாளன்று இரவு 8 மணி வரை சேகரிப்புப் பெட்டியில் போடலாம். வாக்குச்சாவடியில் கொடுக்க முடியாது.

உங்கள் மகளுக்கான விடை சுருக்கமானது: கூடாது. பென்சில்வேனியாவில் வாக்காளர் தம் உறையைத் தாமே திருப்பித் தர வேண்டும். உடல் ஊனத்தால் இயலாதவர் மட்டும் எழுத்து வடிவில் ஒருவரை நியமிக்கலாம். அந்த நியமனம் இல்லாமல் கணவர் மனைவியின் உறையைக் கொண்டுபோய்க் கொடுப்பதுகூட அங்கே விதிமீறல்தான். வாக்குச்சீட்டை முதலில் மறைவு காக்கும் உள் உறையில் வைத்து, பிறகே வெளி உறையில் இட வேண்டும் என்பதை அவளிடம் அழுத்திச் சொல்லுங்கள். உள் உறை இல்லாமல் வருபவற்றை எண்ணக்கூடாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது. வெளி உறையில் கையெழுத்தும் அன்றைய தேதியும் இருக்கட்டும்; தேதி விடுபட்ட உறைகளைப் பற்றி நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள், உங்கள் மகள் அதற்கு இன்னொரு உதாரணமாக வேண்டியதில்லை.

டெக்சாஸ் இன்னும் கண்டிப்பானது. 65 வயதைக் கடந்தவர் என்பதால் உங்கள் அண்ணனின் மாமியாருக்குத் தபால் வாக்கு உரிமை உண்டு. அங்கே சேகரிப்புப் பெட்டிகள் கிடையாது. அலுவலகத்தில் நேரில் கொடுப்பதென்றால் தேர்தல் நாளன்று மட்டுமே, அதுவும் வாக்காளரே அடையாள அட்டையுடன் சென்று, தம் ஒரே உறையைக் கொடுக்க வேண்டும். அண்ணன் கொண்டுபோய்க் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். ஆனால் ஒட்டிக் கையெழுத்திட்ட உறையை, ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்தினர் என்ற முறையில், அவர் தபாலில் சேர்க்கலாம். உறையின் மடிப்புக்குள் ஓட்டுநர் உரிம எண்ணையோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ எழுத வேண்டும் என்பது 2021இல் வந்த விதி. அந்த இடத்தை வெறுமையாக விட்டதாலேயே திருப்பி அனுப்பப்பட்ட உறைகள் ஏராளம்.

பெற்ற பிள்ளையையே சந்தேகிக்கும் சட்டம் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். 2018இல் வட கரோலினாவின் ஒன்பதாவது நாடாளுமன்றத் தொகுதியில், ஒரு வேட்பாளருக்காக வேலை செய்த குழுவினர் வீடு வீடாகச் சென்று தபால் வாக்குச்சீட்டுகளை வாங்கிக்கொண்டு முறைகேடு செய்தது வெளிப்பட்டு, முடிவு சான்றளிக்கப்படாமல் 2019இல் மறுதேர்தலே நடத்த வேண்டியதாயிற்று. இதற்கு நேர்மாறாக, கலிபோர்னியாவில் வாக்காளர் தாம் விரும்பும் எவரிடமும் உறையைக் கொடுத்தனுப்பலாம். எத்தனை உறைகள் என்ற கணக்கு வைத்துக் கூலி வாங்குவதுதான் அங்கே தடை. என் பார்வையில் நியூ ஜெர்சியின் எண்ணிக்கை வரம்பு நடுவழி. பென்சில்வேனியாவின் விதி ஒரே வீட்டில் வாழும் முதியவர்களைத் தேவையில்லாமல் அலைக்கழிக்கிறது. ஆயினும் விதி மாறும்வரை விதிதான்.

கெடுவைப் பொறுத்தவரை, பென்சில்வேனியாவில் தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் உறை அலுவலகத்தில் இருக்க வேண்டும். தபால் முத்திரை கணக்கில் வராது. டெக்சாஸில் இரவு 7 மணிக்குள் முத்திரை பெற்றது மறுநாள் மாலை 5 மணிக்குள் வந்தால் ஏற்பார்கள். நியூ ஜெர்சியில் தேர்தல் நாளுக்குள் முத்திரை பெற்றதற்கு ஆறு நாள் அவகாசம் உண்டு. இத்தகைய அவகாசங்கள் செல்லுமா என்ற கேள்வியை எழுப்பும் மிசிசிப்பி வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதனால் அவகாசத்தை நம்பாமல், தேர்தல் நாளுக்குள் சேர்ந்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டு செயல்படுவது நல்லது. தபாலில் போடுவதானால் ஒரு வாரம் முன்னதாகப் போடுங்கள். தபால் பெட்டியில் போட்ட அன்றே முத்திரை விழும் என்பது உறுதியில்லை, அஞ்சலகத்தில் நேரில் கொடுத்துக் கையால் முத்திரை இடச் சொல்லலாம்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராவிட்டால், அவர் தேர்ந்தெடுக்கும் எவரும் அவருக்கு உதவலாம் என்று கூட்டாட்சி வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆவது பிரிவு சொல்கிறது. அவருக்கு வேலை கொடுப்பவர், அந்த முதலாளியின் பிரதிநிதி, அவருடைய தொழிற்சங்கத்தின் நிர்வாகி அல்லது பிரதிநிதி ஆகியோர் மட்டும் உதவக்கூடாது. நீங்கள் படித்துச் சொல்லலாம், அவர் சொன்னதைக் குறிக்கலாம், ஆனால் உதவியவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அம்மாவின் கையெழுத்து வேறு, அது அவருடையதாகவே இருக்க வேண்டும். வாக்காளர் பதிவில் அவர் தமிழில் கையெழுத்திட்டிருந்தால் உறையிலும் தமிழிலேயே இடச் சொல்லுங்கள். பதிவில் தமிழும் உறையில் ஆங்கிலமுமாக இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கும் ஊழியருக்கு அவை இருவருடைய கையெழுத்தாகத்தான் தெரியும். நியூ ஜெர்சியில் உள் உறையோடு ஒட்டியிருக்கும் சான்றுப் படிவத்தில் இந்தக் கையெழுத்து இடப்படுகிறது, அதைக் கிழித்துவிடக் கூடாது. கையெழுத்து பொருந்தவில்லை என்று கவுன்டி தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் பதற வேண்டாம். கடிதத்தோடு வரும் படிவத்தை நிரப்பி, அதில் குறித்த நாளுக்குள் திருப்பி அனுப்பினால் அந்த வாக்கு எண்ணப்படும்.