ஆப்பிரிக்கக் கிறிஸ்தவம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிறிஸ்தவத்தின் மையம் ஐரோப்பாவை விட்டு ஆப்பிரிக்காவை நோக்கி நகர்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எண்ணிக்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது காலனியாட்சி விட்டுச்சென்ற மிச்சம்தானே? வெளிநாட்டுப் பணம் நின்றுவிட்டால் அந்தச் சபைகள் நிலைக்குமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

மிச்சம் என்றால் ஆட்சி போனபின் அது தேய்ந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. 1910இல் உலகக் கிறிஸ்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஐரோப்பியர். சகாராவுக்குத் தெற்கே வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 2010இல் இவ்விரு பகுதிகளும் ஆளுக்குக் கால்பங்கு அளவில் வந்து நின்றன. மக்கள்தொகைப் பெருக்கம் ஒரு காரணம்தான் என்றாலும், இந்த வளர்ச்சியின் பெரும்பகுதி ஐரோப்பியக் கொடிகள் இறக்கப்பட்ட பிறகே நிகழ்ந்தது.

காலனியாட்சிக்கும் ஆப்பிரிக்கச் சபைகளுக்கும் இருந்த உறவு நீங்கள் எண்ணுவதுபோல் அவ்வளவு சுமுகமானதும் அல்ல. பெல்ஜியக் காங்கோவின் ன்காம்பா கிராமத்தைச் சேர்ந்த சைமன் கிம்பாங்கு, பாப்டிஸ்ட் மிஷனில் உபதேசியாராக இருந்தவர். 1921 ஏப்ரலில் அவர் நோயாளிகளைக் குணமாக்குகிறார் என்ற செய்தி பரவியதும், மக்கள் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அந்தக் கிராமத்துக்குத் திரண்டார்கள். அவர் ஊழியம் செய்தது சில மாதங்களே. அக்டோபரில் ராணுவ நீதிமன்றம் அவருக்கு 120 கசையடியும் மரண தண்டனையும் விதித்தது. மன்னர் ஆல்பர்ட் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். முப்பது ஆண்டுகள் எலிசபெத்வில் சிறையில் கிடந்து, 1951இல் அங்கேயே இறந்தார். அவரைப் பின்பற்றியவர்களை அரசு தொலைதூர மாகாணங்களுக்கு வெளியேற்றி அனுப்பியது. அவர்கள் போன இடமெல்லாம் சபை முளைத்தது. ஊழியர்களை நாடெங்கும் அனுப்பும் செலவை அரசே ஏற்றுக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

மனைவி மேரி முயிலு மறைவாகக் கட்டிக்காத்த அந்தச் சபையை, இளைய மகன் ஜோசப் தியான்கியெண்டா அமைப்பாக்கினார். 1959இன் இறுதியில் அரசு அதை அங்கீகரித்தது. 1969இல் உலகத் திருச்சபைகள் மன்றம் சேர்த்துக்கொண்டது. 1971இல் அவர்கள் தங்கள் முதல் திருவிருந்தை ஆசரித்தபோது கோதுமை அப்பமும் திராட்சை ரசமும் இல்லை; சோளமும் கிழங்கும் வாழைப்பழமும் சேர்த்துச் செய்த பணியாரத்தையும், தேன் கலந்த நீரையுமே பரிமாறினார்கள். இதை எந்த மிஷனரியும் சொல்லிக்கொடுக்கவில்லை. கிம்பாங்குவையே தூய ஆவியின் அவதாரமாகக் கருதும் அளவுக்குப் பின்னாளில் அவர்களில் பலர் சென்றதை மற்றச் சபைகள் ஏற்கவில்லை. இந்த விலகல்கூட அவர்கள் ஐரோப்பாவின் நகலாக இருக்கவில்லை என்பதற்கே சான்று என்பேன்.

பணத்தைப் பற்றிய கேள்விக்கு நைஜீரியா பதில் சொல்லும். 1952இல் ஜோசையா அகிண்டயோமி லாகோஸில் ஒரு சிறு ஜெபக்குழுவாகத் தொடங்கிய 'ரிடீம்ட் கிறிஸ்டியன் சர்ச் ஆஃப் காட்' இன்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நூற்றுக்கணக்கான கிளைகளை நடத்துகிறது. அதைத் தாங்குவது விசுவாசிகள் தரும் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. அப்படித் திரளும் பணத்தைக் கொண்டு செல்வத்தையே தேவ ஆசீர்வாதமாகப் பிரசங்கிக்கும் போதகர்கள் அங்கே ஏராளம். அவர்களைக் கடுமையாகக் கண்டிப்பவர்களும் ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்களே. கண்டிக்க வேண்டியதை நானும் கண்டிப்பேன். ஆனால் அந்தக் குற்றத்தின் பழியை ஐரோப்பாவின் கணக்கில் எழுத இடமில்லை.