புது ஸ்பிரிங் போட்டும் மூக்கு தூக்கி நிற்கிறதே!

கேள்வி: என்னுடையது 1969 செவ்ரோலே செவெல், ஸ்மால் பிளாக் (சிறிய வகை) வி8 எஞ்சின். முன் ஸ்பிரிங், சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ் எல்லாம் புதிது. ஆனால் முன்பக்கம் ஒன்றரை அங்குலம் தூக்கலாக நிற்கிறது. ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டிவிடலாமா?

பதில்: வெட்டாதீர்கள், பொறுங்கள். ஆர்ம் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையிலேயே இறுக்கினீர்களா? பெரும்பாலும் கோளாறு அங்கேதான். ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். தொங்கும் நிலையில் இறுகிவிட்டால், வண்டியை இறக்கியதும் அது இன்னொரு ஸ்பிரிங் போல ஆர்மைக் கீழே தள்ளும். வண்டி மேலேயே நிற்கும். ரப்பரும் சீக்கிரம் கிழியும். உள்பக்க போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியைச் சக்கரங்களில் நிறுத்தி, முன்னும் பின்னும் அமுக்கி ஆட்டுங்கள். பிறகு ஒரு சக்கரச் சுற்று அளவுக்காவது உருட்டுங்கள். ஜாக்கியிலிருந்து இறங்கிய டயர் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தாழவிடாது. அதன்பின்தான் முழு இறுக்கம்.

அடுத்து ஸ்பிரிங்கின் கீழ்முனை. கீழ் ஆர்மில் இரண்டு துளைகள் உண்டு. ஸ்பிரிங் முனை ஒரு துளையை முழுதாகவோ பாதியாகவோ மூட வேண்டும். மற்றது கொஞ்சமாவது திறந்திருக்க வேண்டும். ஸ்பிரிங் திரும்பி உட்கார்ந்தாலும் உயரம் கூடும்.

எடை கூடிய பிக் பிளாக் எஞ்சினுக்கோ ஏசி வண்டிக்கோ உரிய ஸ்பிரிங் வந்துவிட்டதா என்று பார்ட் நம்பரைப் பாருங்கள். எஞ்சினில் அலுமினிய ஹெட், மேனிஃபோல்டு மாட்டியிருந்தால் எடை குறைந்து மூக்கு எழும்பும். பானட், பம்பர், ரேடியேட்டர், பேட்டரி மாட்டாத வண்டியில் அளப்பதே வீண். புது ஸ்பிரிங் ஓட ஓடக் கொஞ்சம் தாழவும் செய்யும்.

எல்லாம் சரியாக இருந்தும் தூக்கல் போகவில்லையா? அப்போது வெட்டலாம், அதுவும் ஒரு தடவைக்கு கால் சுற்று. இந்த வண்டியில் ஸ்பிரிங் ஆர்மின் நடுவாக்கில் உட்காருவதால், அங்கே குறையும் உயரம் சக்கரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும். ஸ்பிரிங்கின் விறைப்பும் கூடும். கடைசிச் சுற்று தட்டையாக மடிந்த முனையை விட்டுவிட்டு, சரிவாக முடியும் முனையில் கட்டிங் டிஸ்க்கால் வெட்டுங்கள். கேஸ் டார்ச் வேண்டாம். சூட்டில் ஸ்பிரிங்கின் பதம் போய்விடும்.

கேள்வி: டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கிக்கொள்ளும் கம்பி) உள்ள பழைய டாட்ஜில் உயரத்தை எங்கே அளப்பது?

பதில்: மட்கார்டு விளிம்பில் அல்ல, ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வைத்துப் பொருத்திய தகடு அது, நம்ப முடியாது. டேங்க் நிரப்பி, காற்றழுத்தம் சரிபார்த்து, சமதளத்தில் நிறுத்துங்கள். கீழ் ஆர்மின் உள்முனையும் சக்கரப்பக்க முனையில் உள்ள பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) அடிப்பகுதியும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, வித்தியாசத்தை அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள். இடமும் வலமும் 1/8 அங்குலத்துக்கு மேல் மாறக்கூடாது. டார்ஷன் பாரின் அட்ஜஸ்டிங் போல்ட்டை உள்ளே திருகினால் வண்டி உயரும். சுமையோடு திருகினால் மரை தேயும். தூக்கித் திருகி, இறக்கி ஆட்டி, மறுபடி அளக்க வேண்டும். இடது பாரை வலதில் போடக்கூடாது. உயரம் மாறினால் வீல் அலைன்மென்ட்டும் மாறும். அதைக் கடைசியில் பாருங்கள்.

கேள்வி: பின்னால் லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்), இடப்பக்கம் அரை அங்குலம் தாழ்வு. பட்டை மாற்றவா?

பதில்: முன் கிராஸ்மெம்பரின் (சேஸிஸின் குறுக்குச் சட்டம்) சரியான நடுவில் ஜாக்கி வைத்து முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்குங்கள். பின்பக்கம் சமமாகிவிட்டால் குறை முன்னால்தான். இல்லையென்றால் இடது, வலது பட்டை ஸ்பிரிங்குகளைப் பக்கம் மாற்றிப் போடுங்கள். தாழ்வும் கூடவே மாறினால் பட்டை தளர்ந்திருக்கிறது. மாறாவிட்டால் ஷாக்கிள் (பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டு), சேஸிஸ் பக்கம் தேடுங்கள்.