சீக்கியர்கள் எல்லோரும் கிர்பான் என்னும் சிறு கத்தியை வைத்திருப்பார்களா? விமானத்தில், பள்ளியில் என்ன செய்வார்கள்?

எல்லோரும் இல்லை. 1699 வைசாகித் திருநாளன்று பஞ்சாபின் ஆனந்த்பூர் சாகிபில் குரு கோவிந்த் சிங், கால்சா என்னும் தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பை நிறுவினார். அந்த வழியில் அமிர்தம் பெற்றுத் தீட்சை எடுத்தவர்களுக்குத்தான் வெட்டாத முடி, மரச்சீப்பு, இரும்புக் காப்பு, கச்சேரா என்னும் அரைக்கால் உள்ளாடை, கிர்பான் ஆகிய ஐந்தும் கட்டாயம். மற்றவர்களில் பலர் தலைப்பாகையும் காப்பும் மட்டும் அணிவார்கள், முடி வெட்டிக்கொண்டவர்களும் நிறைய உண்டு, அதை வைத்து ஒருவர் சீக்கியரா இல்லையா என்று நாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கிர்பானைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். தோளில் குறுக்காகப் போடும் பட்டியில், உறைக்குள், பெரும்பாலும் சட்டைக்கு அடியில்தான் இருக்கும். எளியவரைக் காப்பது தன் கடமை என்று அணிபவருக்கு அது நினைவூட்டுகிறது. நம் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவே இதைச் சீக்கிய சமய உரிமையாக ஏற்றிருக்கிறது.

சரி, விமானம்? இந்தியாவுக்குள் பறக்கும் உள்நாட்டு விமானங்களில் கத்திப்பகுதி 6 அங்குலம், மொத்த நீளம் 9 அங்குலம் தாண்டாமல் இருந்தால் சீக்கியப் பயணிகள் அணிந்து செல்லலாம். வெளிநாட்டுப் பயணமென்றால் பெட்டியில் வைத்து செக்-இன் லக்கேஜில் போட்டுவிடுவார்கள்.

பள்ளி விஷயத்தில் கனடா உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்ன தீர்ப்பு எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது: முழுத் தடை மத சுதந்திரத்துக்கு எதிரானது, துணியுறைக்குள் வைத்துத் தைத்து, உடைக்குள் அணிந்தால் மாணவன் தாராளமாக வகுப்புக்கு வரலாம்.