நிறுவன இணைப்பில் பின்தள்ளப்பட்ட பணிமூப்பு: ஒரு விமானியின் கேள்விக்குப் பதில்

கேள்வி: 2016-இல் ஒரு தனியார் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்தேன். சென்ற ஆண்டு எங்கள் நிறுவனம் அதைவிடப் பெரிய இன்னொரு தனியார் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. நான்கு மாதங்களுக்கு முன் வெளியான பணிமூப்புப் பட்டியலில், எங்களுக்கெல்லாம் இணைப்பு நடந்த நாளையே பணியில் சேர்ந்த நாளாகக் கொண்டிருக்கிறார்கள். 2021-இல் அங்கே சேர்ந்தவர்களுக்கும் பின்னால் நிற்கிறேன். கேப்டன் ஆவது பல ஆண்டுகள் தள்ளிப்போகும். இப்போது புதிய ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்து, இம்மாத இறுதிக்குள் கையெழுத்திடாதவர்களின் பெயர் கமாண்ட் பயிற்சிக்கு, அதாவது கேப்டன் ஆவதற்கான பயிற்சிக்கு, பரிசீலிக்கப்படாது என்கிறார்கள். அதில் மாதம் 70 மணி நேரத்துக்கு இருந்த உத்தரவாத ஊதியம் 40 மணி நேரமாகக் குறைகிறது. கையெழுத்திடலாமா? உயர் நீதிமன்றம் போகலாமா? எல்லோரும் ஒரே நாளில் மருத்துவ விடுப்பு எடுத்தால் என்ன என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அது சரியா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை)

பதில்: தங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் பின்னிக் கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஊதியக் குறைப்பில் சட்டம் தங்களுக்குப் பெருமளவு துணை நிற்கிறது. பணிமூப்பில் தங்கள் நியாயம் பெரியது, ஆனால் அதை நிலைநாட்டும் வழி குறுகலானது, அதில் தனியாக நடக்கவும் முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் எழும் வினா, விமானி சட்டத்தின் பார்வையில் தொழிலாளிதானா என்பது. லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குபவர் எப்படித் தொழிலாளி ஆவார் என்றுதான் நிறுவனங்கள் வாதிடும். சம்பளத்தின் அளவு மட்டுமே இதைத் தீர்மானிப்பதில்லை. ஒருவர் முதன்மையாகச் செய்யும் வேலை என்ன என்பதையே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. விமானம் ஓட்டுவது தொழில்நுட்பத் திறன் சார்ந்த பணியே என்றும், விமானத்துக்குப் பொறுப்பானவர் என்பதாலேயே ஒருவர் மேற்பார்வையாளர் ஆகிவிடமாட்டார் என்றும் 2025-இல் கிங் ஏர்வேஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பு 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் கீழ் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறுபவர்களை அது விலக்கினாலும், தொழிலாளி என்பதன் வரையறை ஏறத்தாழ பழைய அமைப்பிலேயே இருப்பதால், அந்தத் தீர்ப்பின் தர்க்கம் இப்போதும் பொருந்தும் என்பது என் கருத்து. துணை விமானியான தங்கள் நிலை இதில் கேப்டனின் நிலையைவிட வலுவானது.

இனி ஊதியம். மணிக்கு 5,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 70 மணி 40 ஆகும்போது உறுதியாகக் கிடைக்கும் தொகையில் மாதம் ஒன்றரை லட்சம் குறைகிறது. 40 மணிக்கு மேல் பறந்தால் அதற்கும் பணம் உண்டே என்று நிர்வாகம் சொல்லும். ஆனால் எத்தனை மணி நேரம் பறப்பது என்பது தங்கள் கையில் இல்லை, பணிப்பட்டியல் போடுபவர் கையில் இருக்கிறது. சிமுலேட்டர் பயிற்சியில் இருக்கும் மாதத்திலும், மருத்துவத் தகுதி தற்காலிகமாக நிறுத்தப்பட்ட மாதத்திலும், உத்தரவாத மணி நேரம்தான் குடும்பத்தைக் காக்கிறது. ஊதியத்திலும் அது வழங்கப்படும் முறையிலும் தொழிலாளிக்குப் பாதகமான மாற்றம் செய்வதானால் 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று தொகுப்பின் 40-ஆம் பிரிவும் மூன்றாம் அட்டவணையும் சொல்கின்றன. தொழிற்சங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி வரும் மாற்றத்துக்கு இந்த அறிவிப்பு தேவையில்லை. அப்படி ஏதேனும் உடன்பாடு இருக்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள். ஒப்பந்தப் படிவத்தை நீட்டிக் கெடு விதிப்பது மட்டுமே முறையான முன்னறிவிப்பு ஆகாது.

பணிமூப்பைப் பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. விமானிக்குப் பணிமூப்பு எண் என்பது வாழ்நாள் சொத்து போன்றது. எப்போது கேப்டன் ஆவது, எந்த வகை விமானத்துக்கு மாறுவது, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியேறுவது என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த எண்ணில் அடங்கியிருக்கின்றன. ஆனால் இரண்டு நிறுவனங்கள் இணையும்போது பட்டியலை எப்படிக் கோக்க வேண்டும் என்று நம் நாட்டில் தனிச்சட்டம் கிடையாது. அமெரிக்காவில் 2001-இல் டிடபிள்யூஏ என்ற விமான நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது, டிடபிள்யூஏ ஊழியர் பலர் பட்டியலின் அடியில் வைக்கப்பட்டனர். அந்தக் கசப்பின் தொடர்ச்சியாக 2007-இல் வந்த சட்டம், பட்டியல் இணைப்பு நியாயமாகவும் சமமாகவும் நடக்க வேண்டும், பேச்சில் முடியாவிட்டால் நடுவர் தீர்க்க வேண்டும் என்கிறது. இங்கும் அப்படியொன்று வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதே 2007-இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்தபோது எழுந்த பிணக்குக்கு நீதிபதி தர்மாதிகாரி குழு அமைக்கப்பட்டதே 2011-இல்தான். அடுத்த ஆண்டு, போயிங் 787 விமானப் பயிற்சி யாருக்கு என்ற சச்சரவில் ஒரு பிரிவு விமானிகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

தனிச்சட்டம் இல்லாத நிலையில், தங்கள் கையில் இருக்கும் முதல் ஆவணம் இணைப்புத் திட்டம். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 230 முதல் 232 வரையிலான பிரிவுகளின்படி தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அதற்கு ஒப்புதல் தந்திருக்கும். அதில் ஊழியர்களைப் பற்றிய பத்தி ஒன்று வழக்கமாக இருக்கும்: பணித் தொடர்ச்சி அறுபடாமலும், முன்னைவிடப் பாதகமில்லாத நிபந்தனைகளிலும் அவர்கள் புதிய நிறுவனத்துக்கு வருகிறார்கள் என்று. தங்கள் திட்டத்திலும் அது இருந்தால், இணைப்பு நாளில்தான் தாங்கள் பணியில் சேர்ந்ததாகக் கொள்வது அதனோடு நேராக மோதுகிறது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பணித் தொடர்ச்சி என்பது பணிக்கொடை போன்ற பலன்களுக்கு மட்டுமே, பணிமூப்பு வேறு என்று எதிர்த்தரப்பு வாதிடும். அந்த வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. பதவி உயர்வு பெறுவது உரிமையல்ல, அதற்குப் பரிசீலிக்கப்படுவதே உரிமை என்பது பணிச்சட்டத்தில் நிலைபெற்ற கருத்து. ஆகவே அந்தப் பத்தியின் வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் படிக்காமல் யாரும் தங்களுக்கு வெற்றியை வாக்களிக்க முடியாது.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (பெரும்பாலும் அரசு அமைப்புகளுக்கு எதிராகப் போடப்படும் மனு) என்ற வழியை விட்டுவிடுங்கள். தனியார் நிறுவனத்துக்கு எதிராக, அதுவும் பணி ஒப்பந்தம் பற்றி, அது பொதுவாக நிலைக்காது. ஏர் இந்தியாவே தனியார் கைக்குப் போன பிறகு அதன் மீது ரிட் மனு செல்லாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

செல்ல வேண்டிய இடம் மத்திய தொழிலாளர் ஆணையரின் சமரச அதிகாரி. விமானப் போக்குவரத்துக்கு உரிய அரசு மத்திய அரசு என்பதால் மாநிலத் தொழிலாளர் துறைக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். பணிநீக்கம், ஆட்குறைப்பு போன்றவற்றுக்குத்தான் தனி ஒருவர் தகராறு எழுப்ப முடியும். பணிமூப்புக்கும் ஊதியக் குறைப்புக்கும் ஒரு தொழிற்சங்கமோ கணிசமான எண்ணிக்கையில் சக தொழிலாளர்களோ அதைத் தம் தகராறாக ஏற்று முன்வைக்க வேண்டும். நிறுவனத்தில் ஒரே சங்கம் 51 விழுக்காட்டினரின் ஆதரவைப் பெற்றால் அதுவே பேச்சுவார்த்தை நடத்தும் சங்கம். இல்லையெனில் தலா 20 விழுக்காடு ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த குழு அமையும். பணிமூப்பில் தாங்கள் ஒரு படி ஏறினால் இன்னொரு விமானி ஒரு படி இறங்குகிறார் என்பதால், பெரும்பான்மைச் சங்கம் தங்களுக்காகப் பேசத் தயங்கலாம். எனவே பழைய நிறுவனத்திலிருந்து வந்தவர்கள் தனியாகத் தங்கள் கோரிக்கையை எழுத்தில் வடித்துக் கையெழுத்திடுங்கள். பாதிக்கப்படக்கூடிய எதிர்ப்பக்க விமானிகளையும் பின்னர் தரப்பினராகச் சேர்க்கத் தயாராக இருங்கள், அவர்களைக் கேட்காமல் பெறும் ஆணை நிலைக்காது. தகராறு எழுந்து இரண்டு ஆண்டுகள் கடந்தால் சமரச அதிகாரி அதை எடுக்க முடியாது. சமரசம் தோற்றால், அவரது அறிக்கை கிடைத்த 90 நாள்களுக்குள் தொழில் தீர்ப்பாயத்துக்குத் தாங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம். பட்டியல் வெளியாகி நான்கு மாதங்கள்தான் ஆகின்றன என்பது தங்களுக்குச் சாதகம். நிலைபெற்றுவிட்ட பணிமூப்பைக் காலங்கடந்து கலைக்க நீதிமன்றங்கள் விரும்புவதில்லை.

ஒரே நாளில் மருத்துவ விடுப்பு என்ற யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். 50 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்டோர் ஒன்றுபட்டுத் தற்செயல் விடுப்பு எடுப்பதையே புதிய தொகுப்பு வேலைநிறுத்தம் என்கிறது. பேசி வைத்துக்கொண்டு எடுக்கும் மருத்துவ விடுப்பையும் நிர்வாகம் அப்படியே காட்ட முயலும். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும், சமரசம் நடக்கும்போது அறவே கூடாது. மீறினால் அபராதமோ ஒரு மாதம் வரை சிறையோ உண்டு. நோயில்லாமல் நோய் என்று எழுதிக் கொடுப்பது, நேர்மையான தங்கள் வழக்கை முதல் நாளிலேயே பழுதாக்கிவிடும்.

வேலையை விட்டு வேறு நிறுவனம் போகலாமா என்று தாங்கள் கேட்கவில்லை, ஆனால் மனத்தில் இருக்கக்கூடும். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017-இல் வகுத்த விதியின்படி துணை விமானிக்கு ஆறு மாத முன்னறிவிப்பு உண்டு. அந்தக் காலத்தில் நிர்வாகம் ஊதியத்தைக் குறைத்தாலோ நிபந்தனைகளைத் தன்னிச்சையாகப் பாதகமாக மாற்றினாலோ, முன்கூட்டியே விடுவிக்கக் கோரலாம் என்று அதே விதி சொல்கிறது. ஆனால் புதிய இடத்தில் தங்கள் எண் பட்டியலின் கடைசியில்தான் தொடங்கும்.

கையெழுத்து விஷயத்தில் என் ஆலோசனை இது. கெடுவுக்கு முன்பே நிர்வாகத்துக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். பட்டியலையும் ஊதிய மாற்றத்தையும் ஏற்கவில்லை என்றும், இணைப்புத் திட்டத்தின் ஊழியர் பத்தியைச் சுட்டியும், முன்னறிவிப்பின் நகலைக் கேட்டும் எழுதுங்கள். பயிற்சி வாய்ப்பை இழக்க முடியாமல் கையெழுத்திட நேர்ந்தால், “எதிர்ப்புடனும் என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமலும்” என்று பெயருக்கு மேலேயே எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டின் நியமனக் கடிதம், இணைப்புக்கு முந்தைய கடைசிப் பணிமூப்புப் பட்டியல், இரண்டு காலத்துச் சம்பளச் சீட்டுகள், இணைப்புக்கு ஒப்புதல் தந்த கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஆணை ஆகியவற்றோடு தொழிலாளர் சட்டத்தில் பழக்கமுள்ள வழக்கறிஞரை இந்த வாரமே பாருங்கள். முடிந்தால் தங்களைப் போலப் பின்தள்ளப்பட்ட நண்பர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.